‘லெட்டர் இருக்கா சார்?’: தமிழ்நாட்டின் 57 நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டிலிருந்து மக்களவைக்கும் மாநிலங்களவைக்கும் சென்றிருக்கும் 57 உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

விருதுநகர் மாவட்டத்தில் ஒரு சின்ன ஊரில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். ரீசார்ஜ், ஆன்லைன் விண்ணப்பம், லேமினேஷன் எல்லாம் உண்டு. அதற்கு முன்னால், 2006-இலிருந்து பத்து வருடம், இதே இடத்தில் பிரவுசிங் சென்டர் நடத்தினேன். மொத்தம் ஐந்து சிஸ்டம். பிளஸ் டூ ரிசல்ட் அன்றைக்கு வாசல் வரை கூட்டம் நிற்கும். அந்தப் பத்து வருடத்தில் நான் கண்ணால் பார்த்தவைதான் இந்த மடலை எழுதச் சொல்கின்றன. அரசு நம் போனையும் இணையத்தையும் எப்படிக் கண்காணிக்கிறது, அதை யார் தட்டிக் கேட்கிறார்கள் என்பது பற்றிய மடல் இது. நீங்கள் 57 பேரும் ஒரே கட்சி இல்லை என்று தெரியும். இந்த விஷயத்தில் கட்சி பார்க்க இடமில்லை என்பதால்தான் எல்லோருக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

2011 ஏப்ரலில் சைபர் கஃபேக்களுக்கென்று மத்திய அரசு தனியாக விதிகள் போட்டது. உள்ளே வருகிற ஒவ்வொருவரிடமும் அடையாள அட்டை வாங்கிப் பார்க்க வேண்டும். பெயர், முகவரி, போன் நம்பர், எந்த அட்டை, எந்த சிஸ்டம், எத்தனை மணிக்கு உட்கார்ந்தார், எத்தனை மணிக்கு எழுந்தார், எல்லாம் நோட்டில் ஏற வேண்டும். நோட்டையும், எந்த சிஸ்டத்தில் எந்தத் தளம் திறந்தது என்ற பதிவையும் குறைந்தது ஒரு வருடம் வைத்திருக்க வேண்டும். சிஸ்டங்களுக்கு நடுவே வைக்கிற தடுப்பு நாலரை அடிக்கு மேல் இருக்கக் கூடாது. தடுப்பே இல்லை என்றால் திரை வெளிப்பக்கம் பார்த்து இருக்க வேண்டும்.

ஆசாரியைக் கூப்பிட்டு ப்ளைவுட் தடுப்புகளை நாலரை அடியில் அறுக்கச் சொன்னேன். ஒரே மதியத்தில் வேலை முடிந்தது. அடுத்த வாரமே கடைக்குள் சத்தம் மாறிவிட்டது.

வெள்ளிக்கிழமை தோறும் ஓர் அம்மா வருவார். கணவர் சவூதியில் வேலை பார்த்தார், அன்றைக்குத்தான் அவருக்கு லீவு. இந்த அம்மா கடைசி சிஸ்டத்தில் உட்கார்ந்து, மடியில் இருக்கிற பிள்ளையை வெப்கேமுக்கு நேராக நிறுத்தி, ‘அப்பாவுக்குப் பாடிக் காட்டு’ என்பார். பிள்ளை பாடும், இவர் அழுவார், அப்புறம் சிரிப்பார். தடுப்பை அறுத்த பிறகு அந்த அம்மா பிள்ளையைப் பாடச் சொல்லவில்லை. முந்தானையை வாய்க்கு மறைவாக வைத்துக்கொண்டு குசுகுசுவென்று பேசிவிட்டுப் பத்து நிமிடத்தில் எழுந்து போனார். இரண்டு மாதத்தில் வருவதே நின்றுபோனது. அவர் எந்தத் தப்பும் செய்யவில்லை. அவரை யாரும் எட்டிப் பார்க்கவும் இல்லை. எட்டிப் பார்க்க முடியும் என்று ஆனது, அதுவே போதுமாக இருந்தது.

இனி நோட்டு விஷயத்துக்கு வருகிறேன்.

விசாரணைக்குப் போலீஸ் வருவது உண்டு. ஒரு மிரட்டல் மெயில், ஒரு போலி ஐ.டி., ஒரு பண மோசடி என்று ஏதாவது இருக்கும். அவர்கள் வந்தால் கையில் ஒரு தேதியும் நேரமும் இருக்கும். ‘பதினேழாம் தேதி சாயங்காலம் நாலேகாலுக்கு இந்தக் கனெக்‌ஷனிலிருந்து போயிருக்கு, யார் உட்கார்ந்திருந்தது?’ என்று கேட்பார்கள். நோட்டைப் புரட்டிக் காட்டுவேன். குறித்துக்கொண்டு, கையெழுத்து வாங்கிக்கொண்டு போவார்கள். அந்த மாதிரி விசாரணைக்கு நான் என்றைக்கும் தடை சொன்னதில்லை.

ஒருநாள் மஃப்டியில் ஒருவர் வந்தார். ஸ்டேஷன் ஆள் என்று சொன்னார். தேதி சொல்லவில்லை, நேரம் சொல்லவில்லை. ஒரு பெண்ணின் பெயரைச் சொல்லி, ‘இந்தப் பொண்ணு எப்பல்லாம் வருது, எவ்வளவு நேரம் உட்காருது, என்ன பார்க்குது, எல்லாம் வேணும்’ என்றார். எனக்கு அங்கேதான் உறுத்தியது. வழக்கு என்றால் சம்பவத்திலிருந்து ஆளைத் தேடுவார்கள். இவர் ஆளை வைத்துக்கொண்டு சம்பவத்தைத் தேடினார். எங்கிருந்து தைரியம் வந்ததோ, ‘லெட்டர் இருக்கா சார்?’ என்று கேட்டுவிட்டேன். என்னை முறைத்துப் பார்த்தார். ‘கொண்டு வர்றேன்’ என்று சொல்லிவிட்டுப் போனவர் திரும்பி வரவேயில்லை.

அந்தப் பெண் வீட்டுக்குத் தெரியாமல் ஒருவரைக் கல்யாணம் செய்துகொள்ள இருந்தார் என்பதும், வந்தவர் அந்தக் குடும்பத்துக்கு உறவு என்பதும் எனக்குப் பல மாதம் கழித்துத்தான் தெரிந்தது. நம் ஊரில் அப்படிப்பட்ட கல்யாணங்களுக்கு என்ன நடக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அந்தப் பெண் இப்போது வேறு ஊரில் நன்றாக இருக்கிறார். அப்படி ஒருவர் தன்னைத் தேடி வந்தார் என்பது இன்றுவரை அவருக்குத் தெரியாது. இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அதற்கு முன் இரண்டு முறை, கேட்டவுடன், லெட்டர் எதுவும் கேட்காமல் நோட்டைக் கொடுத்திருக்கிறேன். யாரைத் தேடி வந்தார்கள், அந்த ஆளுக்கு என்ன ஆனது என்று எனக்குத் தெரியாது. ராத்திரியில் சில நேரம் அது நினைவுக்கு வரும்.

அந்த ஒரு கேள்வி அந்த ஒரு நாளில் வேலை செய்ததற்குக் காரணம், கேட்க வந்தவர் என் வாசலில் வந்து நிற்க வேண்டியிருந்தது என்பதுதான். நடுவில் ஒரு வாசல் இருந்தது, வாசலில் ஒரு மூன்றாவது ஆள் இருந்தான். இன்றைக்குக் கண்காணிப்பு நடக்கிற விதத்தில் அந்த வாசலே இல்லை.

முன்பெல்லாம் ஒரு போனை ஒட்டுக்கேட்க வேண்டும் என்றால், ஆணை தொலைபேசி நிறுவனத்துக்குப் போகும். அங்கே இதற்கென்று ஒரு அதிகாரி இருப்பார். ஆணை சரியாக இருக்கிறதா, கையெழுத்து இருக்கிறதா என்று பார்த்துவிட்டு இணைப்பைக் கொடுப்பார். ‘மையக் கண்காணிப்பு அமைப்பு’ என்று மத்திய அரசு கட்டியிருப்பது அந்த இடைப்பட்ட கையை எடுத்துவிடுவதற்காகவே. நிறுவனத்தின் ஆளிடம் போகாமலே இணைப்பை நேராக எடுத்துக்கொள்ளலாம். வேகமும் ரகசியமும் கூடும் என்று அரசு சொல்கிறது. கூடும்தான். கூடவே, ‘லெட்டர் இருக்கா?’ என்று கேட்கிற கடைசி ஆளும் போய்விடுகிறார்.

அந்த ஆளை மறுபடி நிறுத்த வேண்டியது யார்? நீங்கள்தான். நானாகச் சொல்லவில்லை, உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது.

1885-இல் வெள்ளைக்காரன் போட்ட தந்திச் சட்டத்தை வைத்துத்தான் சுதந்திரத்துக்குப் பிறகும் போன்களை ஒட்டுக்கேட்டார்கள். அரசியல்வாதிகளின் போன்கள் ஒட்டுக்கேட்கப்பட்ட விவகாரம் 1991-இல் வெளியானபோது, பி.யு.சி.எல். என்ற மக்கள் உரிமை அமைப்பு உச்ச நீதிமன்றம் போனது. 1996 டிசம்பரில் தீர்ப்பு வந்தது. போனில் பேசுவதும் அந்தரங்க உரிமைக்குள் வரும், காரணமில்லாமல் கேட்கக் கூடாது என்று நீதிபதிகள் சொன்னார்கள். உள்துறைச் செயலாளர் மட்டத்தில்தான் ஆணை போட வேண்டும், இரண்டு மாதத்துக்கு மேல் போனால் புதுப்பிக்க வேண்டும், ஒரு ஆய்வுக் குழு சரிபார்க்க வேண்டும் என்று நடைமுறையும் வகுத்தார்கள். ஆனால் ‘ஒரு நீதிபதியிடம் முன்அனுமதி வாங்கித்தான் கேட்க வேண்டும்’ என்ற கோரிக்கையை மட்டும் ஏற்கவில்லை. சட்டத்தில் அப்படி ஒரு வழி இல்லாதபோது நீதிமன்றமே அதைப் புகுத்த முடியாது என்றார்கள். அதாவது, சட்டம் செய்கிறவர்கள்தான் அதைச் செய்ய வேண்டும். அந்தப் பந்து அன்றிலிருந்து நாடாளுமன்றத்தின் பக்கம்தான் கிடக்கிறது.

அதற்குப் பிறகு இரண்டு நல்ல வாய்ப்புகள் வந்தன. இரண்டையும் நாடாளுமன்றம் விட்டுவிட்டது.

முதல் வாய்ப்பு 2008. மும்பைத் தாக்குதல் நடந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் திருத்தம் வந்தது. டிசம்பரில் இரு அவைகளும் அதை விவாதமே இல்லாமல் நிறைவேற்றின. கணினியில், இணையத்தில் போகிற எதையும் இடைமறிக்க, கண்காணிக்க, என்கிரிப்ஷன் என்கிற மறையாக்கத்தை உடைத்துத் தரச் சொல்ல 69-ஆம் பிரிவு அதிகாரம் கொடுக்கிறது. ஒத்துழைக்க மறுத்தால் ஏழு ஆண்டு வரை சிறை. ‘பொது அவசரநிலை அல்லது பொதுப் பாதுகாப்பு’ என்ற நிபந்தனை வெள்ளைக்காரனின் 1885 சட்டத்தில்கூட இருந்தது. நாமே போட்ட 69-ஆம் பிரிவில் அது இல்லை. ஏதாவது ஒரு குற்றத்தை விசாரிக்க என்று சொன்னாலே போதும். அப்போது ஆட்சியில் இருந்தது காங்கிரஸ் கூட்டணி, துறை தமிழ்நாட்டைச் சேர்ந்த அமைச்சரின் கையில் இருந்தது. கட்சி பார்த்து எழுதவில்லை என்று முன்னால் சொன்னது இதனால்தான். அந்தப் பிரிவின் கீழ்தான், பா.ஜ.க. ஆட்சியில், 2018 டிசம்பர் 20 அன்று உள்துறை ஓர் ஆணை போட்டது. உளவுத்துறை, ‘ரா’, சி.பி.ஐ., என்.ஐ.ஏ., அமலாக்கத்துறை, வருமான வரித்துறையின் மத்திய வாரியம், டெல்லி போலீஸ் கமிஷனர் உட்பட பத்து அமைப்புகளுக்கு அந்த அதிகாரம் போனது. ஒரு ஆட்சி வடித்த கத்தியை அடுத்த ஆட்சி எடுத்துக்கொண்டது. இன்று எதிர்க்கட்சி வரிசையில் இருப்பவர்கள் நாளைக்கு ஆட்சிக்கு வந்தால் இதைக் கீழே வைப்பார்கள் என்று என்னால் நம்ப முடியவில்லை. அதனால் இப்போதே கேட்கிறேன்.

இரண்டாவது வாய்ப்பு 2023. அதற்குள் நம்மிடம் ஒரு பெரிய தீர்ப்பு இருந்தது. 2017 ஆகஸ்ட் 24 அன்று, ஓய்வுபெற்ற நீதிபதி புட்டசாமி தொடுத்த வழக்கில், ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாக அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று அறிவித்தார்கள். அதில் அரசு கை வைக்க வேண்டுமானால் சட்டம் இருக்க வேண்டும், நியாயமான நோக்கம் இருக்க வேண்டும், தேவைக்கு மீறிப் போகக் கூடாது. இதையெல்லாம் புதிய தொலைத்தொடர்புச் சட்டத்தில் எழுதியிருக்கலாம். மசோதா 2023 டிசம்பர் 18 அன்று வந்தது. 20-ஆம் தேதி மக்களவையில் முடிந்தது, 21-ஆம் தேதி மாநிலங்களவையில் முடிந்தது. அந்த நாட்களில் 146 எதிர்க்கட்சி உறுப்பினர்கள் சஸ்பெண்ட் ஆகி வெளியே நின்றார்கள். அவர்களில் சிலர் இன்று இந்த மடலைப் படிக்கிற 57 பேரிலும் இருக்கிறார்கள். நீங்கள் வாசலில் நின்ற நேரத்தில் உள்ளே எழுதப்பட்ட சட்டத்தில் எழுத்து, படம், ஒலி, காணொளி, தரவு எல்லாமே ‘செய்தி’ என்ற ஒரு சொல்லுக்குள் அடங்கிவிட்டன. அரசு அதை இடைமறிக்கலாம். நீதிபதி மட்டும் இந்த முறையும் வரவில்லை. 2024 டிசம்பரில் புது விதிகள் வந்தன. அதிலும் ஆணை போடுபவர் அதிகாரி, சரிபார்ப்பவர்களும் அதிகாரிகள்.

அந்த ஆய்வுக் குழுவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். நடைமுறை பாதுகாப்பாக இருக்கிறது என்று கேட்டபோதெல்லாம் அரசு காட்டுவது அதைத்தான். மத்தியில் அமைச்சரவைச் செயலாளர், சட்டத் துறைச் செயலாளர், தொலைத்தொடர்புத் துறைச் செயலாளர் ஆகிய மூன்று பேர். மாநிலத்தில் தலைமைச் செயலாளரின் தலைமையில் இதே மாதிரி மூன்று பேர். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கூடி ஆணைகளைப் பரிசீலிக்க வேண்டும். 2013-இல் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கிடைத்த பதிலின்படி, மத்திய அரசு மட்டும் மாதத்துக்குச் சராசரியாக 7,500 முதல் 9,000 போன்களை ஒட்டுக்கேட்க ஆணை போட்டது. தரவுப் பாதுகாப்புக்காக அரசே அமைத்த நீதிபதி ஸ்ரீகிருஷ்ணா குழு 2018-இல் தன் அறிக்கையில் இதைக் கணக்குப் போட்டது. ஒரு கூட்டத்தில் 15,000 முதல் 18,000 ஆணைகளைப் பார்க்க வேண்டியிருக்கிறது, இது நடக்கிற காரியம் இல்லை என்று எழுதியது.

நான் அதை என் கால்குலேட்டரில் போட்டுப் பார்த்தேன். மூன்று பெரிய அதிகாரிகள் மற்ற எல்லா வேலையையும் விட்டுவிட்டு, சாப்பிடக்கூட எழாமல், எட்டு மணி நேரம் உட்கார்ந்தால் 28,800 விநாடி. 18,000 ஆணை. ஒரு ஆணைக்கு 1.6 விநாடி. என் கடை ஜெராக்ஸ் மெஷின் ஒரு தாளை வெளியே தள்ளவே மூன்று விநாடி எடுக்கும்.

அந்த எண்ணிக்கை இன்றைக்கு எவ்வளவு? அரசு சொல்வதில்லை. தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டவர்களுக்கு மறுப்புதான் பதிலாக வந்திருக்கிறது. யாருடைய பெயரையும் யாரும் கேட்கவில்லை, எந்த வழக்கையும் கேட்கவில்லை. எத்தனை ஆணை, எத்தனை நிராகரிப்பு என்ற இரண்டு எண்களைச் சொன்னால் எந்தத் தீவிரவாதி தப்பித்துவிடுவான்? அமெரிக்காவில் நீதிமன்ற ஒட்டுக்கேட்பு ஆணைகளின் எண்ணிக்கையை வருடா வருடம் அச்சடித்து வெளியிடுகிறார்கள். அங்கேயும் எல்லாம் ஒழுங்கு இல்லை. 2013-இல், அமெரிக்க உளவு அமைப்புக்காக வேலை பார்த்த ஸ்னோடன் வெளியிட்ட ஆவணங்களால்தான் தங்கள் அரசு மக்களின் போன் விவரங்களை மொத்தமாக அள்ளியது அந்த ஊர்க்காரர்களுக்கே தெரிந்தது. ஆனால் தெரிந்த பிறகு, 2015-இல், அவர்களுடைய நாடாளுமன்றம் உட்கார்ந்து அந்த மொத்த அள்ளலை நிறுத்திச் சட்டம் போட்டது. பிரிட்டனில் 2016 சட்டத்தின்படி அமைச்சர் கையெழுத்துப் போட்டாலும் ஒரு நீதிபதி ஒப்புக்கொண்டால்தான் ஆணை செல்லும்.

ஒட்டுக்கேட்கப்பட்டவருக்கு எப்போதாவது தெரியுமா என்ற கேள்வியும் இருக்கிறது. அதற்கு நம் சென்னை உயர் நீதிமன்றத்தில் வந்த ஒரு வழக்கே பதில். 2011 ஆகஸ்டில் உள்துறை ஒருவருடைய போனை ஒட்டுக்கேட்க ஆணை போட்டது, லஞ்ச விவகாரம். அந்த ஆணை செல்லாது என்று நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் 2025 ஜூலை 2 அன்று தீர்ப்பளித்தார். பொது அவசரநிலையும் இல்லை, பொதுப் பாதுகாப்பும் இல்லை, குற்றம் கண்டுபிடிப்பதற்காக மட்டும் ரகசியமாக ஒட்டுக்கேட்கச் சட்டம் இடம் தரவில்லை என்றார். கேட்டு எடுத்த பதிவுகள் ஆய்வுக் குழுவின் முன்னால் வைக்கப்படவே இல்லை என்பதையும் சுட்டிக்காட்டினார். அதற்கு ஒரு வாரம் முன்னால்தான் டெல்லி உயர் நீதிமன்றம், பெரிய அளவு ஊழலும் பொதுப் பாதுகாப்பைப் பாதிக்கும் என்று வேறு மாதிரி சொல்லியிருந்தது. எது சரி என்று சட்டம் படித்தவர்கள் சொல்லட்டும். என் மனதில் நின்றது வேறு. ஆணைக்கும் தீர்ப்புக்கும் நடுவில் பதினாலு வருடம். அந்த மனுதாரருக்குத் தன் போன் ஒட்டுக்கேட்கப்பட்டது தெரிந்ததே, அதை வைத்து அவர் மேல் வழக்குப் போட்டதால்தான். வழக்கு வராமல் இருந்தால்? கேட்டார்கள், ஒன்றும் சிக்கவில்லை, கோப்பை மூடினார்கள் என்று இருந்தால்? அந்த ஆளுக்குச் சாகும்வரை தெரியாது. குற்றம் சாட்டப்பட்டவருக்காவது கோர்ட்டுக்குப் போக ஒரு வழி இருக்கிறது. ஒரு தப்பும் செய்யாதவருக்கு அதுவும் இல்லை. என் கடைக்கு வந்த அந்தப் பெண்ணைத்தான் நினைத்துக்கொள்கிறேன்.

போனுக்குள் புகுந்து உளவு பார்க்கிற பெகாசஸ் மென்பொருள் பற்றி உங்களுக்குத் தெரியாதது இல்லை. 2021 ஜூலையில் அந்தச் செய்தி வந்தபோது அவையே பல நாள் நடக்கவில்லை. அதைத் தயாரிக்கிற இஸ்ரேல் நிறுவனம் அரசுகளுக்கு மட்டும்தான் விற்பதாகச் சொல்கிறது. வாங்கினோமா இல்லையா என்ற ஒரு வரிக் கேள்விக்கு மத்திய அரசு இன்றுவரை நேரான பதில் தரவில்லை. உச்ச நீதிமன்றம் அமைத்த குழு 29 போன்களைச் சோதித்து, ஐந்தில் ஏதோ ஒரு தீய மென்பொருள் இருந்ததாகவும், அது பெகாசஸ்தானா என்று உறுதி சொல்ல முடியவில்லை என்றும் 2022-இல் தெரிவித்தது. அரசு ஒத்துழைக்கவில்லை என்று அக்குழு சொன்னதாக அன்றைய தலைமை நீதிபதியே நீதிமன்றத்தில் சொன்னார். அத்தோடு நிற்கிறது.

போலீஸின் கையைக் கட்டச் சொல்கிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். 1991-இல் ஸ்ரீபெரும்புதூரையும் 1998-இல் கோவையையும் பார்த்த மாநிலம் இது. என் கடைக்கே ‘டிஜிட்டல் அரெஸ்ட்’ என்று சொல்லி மிரட்டப்பட்டு, வாழ்நாள் சேமிப்பைத் தொலைத்த ஒரு ரிட்டயர்டு வாத்தியார் வந்தார். புகார் மனுவை நான்தான் டைப் செய்தேன், அவர் கை நடுங்கிக்கொண்டே இருந்தது. அந்தத் திருடர்களைப் பிடிக்க எந்த போனைக் கேட்க வேண்டுமானாலும் கேட்கட்டும். நீதிபதியிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுக் கேட்கட்டும், அவ்வளவுதான். ஒரு வீட்டுக் கதவைத் திறந்து சோதனை போடுவதற்கே, அவசரம் இல்லாதபோது, போலீஸ் நீதிமன்றத்தில் வாரண்ட் வாங்க வேண்டிய நாடு இது. அவசரம் என்றால் அதற்கும் சட்டத்தில் வழி வைக்கலாம். இப்போதே அவசர ஆணைகளை ஏழு வேலை நாட்களுக்குள் மேலிடம் உறுதி செய்ய வேண்டும் என்று விதி இருக்கிறது. உறுதி செய்கிற இடத்தில் நீதிபதியை உட்கார வைத்தால் வேலை என்ன கெட்டுவிடும்?

‘தப்பு செய்யாதவனுக்கு என்ன பயம், ஒளிக்க என்ன இருக்கு?’ என்று கடையில் நின்றுகொண்டே கேட்பவர்கள் உண்டு. அவர்களே அடுத்த நிமிடம் ஒரு ஸ்கேன் ரிப்போர்ட்டை ஜெராக்ஸ் எடுக்கக் கொடுக்கும்போது கவிழ்த்துத்தான் கொடுப்பார்கள். விவாகரத்து மனு, மார்பகப் புற்றுநோய் ரிப்போர்ட், கடன் பத்திரம், குழந்தை இல்லாதவர்களின் ஆஸ்பத்திரி ரசீது என்று ஒரு நாளைக்கு எத்தனையோ என் கையில் போய் வருகின்றன. ஒன்றும் குற்றம் இல்லை. ஆனாலும் கவிழ்த்துத்தான் கொடுக்கிறார்கள், நானும் படிக்காமல்தான் எடுத்துக் கொடுக்கிறேன். இந்த மரியாதையைச் சக மனிதர்களுக்குக் கொடுக்க எங்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

சேர்த்து வைப்பது பத்திரமாக இருக்கும் என்ற நம்பிக்கையும் எனக்குக் குறைந்துவிட்டது. 2023 ஜூனில் கொரோனா தடுப்பூசி போட்டவர்களின் விவரங்கள் டெலிகிராமில் போன் நம்பரைத் தட்டினால் வந்து விழுந்தன. 2024 மே மாதம் நம் தமிழ்நாட்டுப் போலீஸின் முக அடையாள மென்பொருளுக்குள்ளேயே ஒரு கணக்கு வழியாக வெளியாள் புகுந்தார். அதனால் மாநில அரசில் இருக்கும் கட்சியினரும் இதை டெல்லி விஷயம் என்று தள்ளிவிட வேண்டாம். மாநில உள்துறைச் செயலாளருக்கும் ஆணை போடும் அதிகாரம் இருக்கிறது. நம் மாநிலத்தில் போன வருடம் எத்தனை ஆணை போட்டார்கள் என்று யாராவது எங்களிடம் சொன்னார்களா?

2023-இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் எங்களைக் காப்பாற்றும் என்றார்கள். என் கடை மாதிரிச் சின்ன இடங்களுக்கு அதில் கடமைகள் உண்டு, அது சரிதான். ஆனால் மத்திய அரசு பெயர் குறிப்பிடுகிற அரசு அமைப்புகளுக்கு அதன் 17-ஆம் பிரிவு விலக்குக் கொடுக்கிறது. என் கடைக் கம்ப்யூட்டரில் இருக்கும் விவரத்துக்குச் சட்டம், உளவு அமைப்பு வைத்திருக்கும் கிடங்குக்கு விலக்கு. அதே சட்டம் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தையும் திருத்தி, தனிநபர் தகவல் என்று சொல்லி அதிகாரிகள் பதில் மறுப்பதை எளிதாக்கிவிட்டது. இதைப் பற்றித் தனியாகவே ஒரு மடல் எழுத வேண்டும்.

நீங்கள் பேசினால் பலன் இருக்காது என்று நினைத்துவிடாதீர்கள். 2025 நவம்பர் கடைசியில், புதிதாக விற்கிற எல்லா போனிலும் ‘சஞ்சார் சாத்தி’ என்ற அரசு செயலியைப் போட்டே விற்க வேண்டும் என்று தொலைத்தொடர்புத் துறை நிறுவனங்களுக்கு உத்தரவிட்டது. செய்தி வெளியே வந்தது, நாடாளுமன்றத்திலும் வெளியிலும் எதிர்ப்பு எழுந்தது. டிசம்பர் 3 அன்று கட்டாயம் இல்லை என்று அரசு பின்வாங்கியது. சில நாட்கள்தான். எல்லோருக்கும் தெரிந்த விஷயம் என்பதால் அது நடந்தது. ஒட்டுக்கேட்பு ஆணை யாருக்கும் தெரியாது, அதனால் அதற்கு எதிராக என் தெருவில் யாரும் கூடவும் மாட்டார்கள். எங்களுக்குப் பதிலாகக் கேட்கத்தான் உங்களை அனுப்பினோம்.

உங்களிடம் நான் கேட்பது மூன்று. ஆணைக்கு முன்னால் ஒரு நீதிபதி. விசாரணை முடிந்த பிறகு, வழக்கு இல்லை என்றால், சம்பந்தப்பட்டவருக்கு ஒரு கடிதம். ‘இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதி வரை உங்கள் போன் கேட்கப்பட்டது’ என்று ஒரு வரி போதும். வருடத்துக்கு ஒருமுறை அவையில் எண்ணிக்கை. 2011-இல் காங்கிரஸ் எம்.பி. மணீஷ் திவாரி உளவு அமைப்புகளைச் சட்டத்துக்குள் கொண்டுவர ஒரு தனிநபர் மசோதா கொடுத்தார். அது அப்படியே போய்விட்டது. 57 பேரில் ஒருவர் அதே மாதிரி ஒன்றை மறுபடி எழுதலாம், மற்ற 56 பேரும் கட்சி பாராமல் பின்னால் நிற்கலாம். அதற்குக் காலம் பிடிக்கும் என்றால், அடுத்த கூட்டத்தொடரில் எழுத்துப்பூர்வமாக ஒரே ஒரு கேள்வி போடுங்கள். கடந்த ஐந்து ஆண்டுகளில், ஆண்டுவாரியாக, எத்தனை இடைமறிப்பு ஆணைகள் போடப்பட்டன, ஆய்வுக் குழு எத்தனை முறை கூடியது, எத்தனை ஆணைகளை ரத்து செய்தது?

பதில் வந்தால் பிரிண்ட் எடுத்துக் கடைக் கண்ணாடியில் ஒட்டி வைக்கிறேன். மறுத்தால் மறுப்பையும் ஒட்டுகிறேன். எங்கள் ஊர் ஆட்கள் ஜெராக்ஸுக்குக் காத்திருக்கிற நேரத்தில் கண்ணாடியில் இருப்பதை எல்லாம் படிப்பார்கள்.

இப்படிக்கு,
விருதுநகர் மாவட்டத்திலிருந்து, முன்பு பிரவுசிங் சென்டர் நடத்திய ஒரு ஜெராக்ஸ் கடைக்காரர்